ஸ்குரூவைக் கடைசியாகத் தொடுங்கள்: டூ ஸ்ட்ரோக் வண்டியின் ரேஸ் கோளாறுகள்

டூ ஸ்ட்ரோக் வண்டியில் ரேஸ், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், ஒழுங்காக இல்லை என்றதும் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கார்புரேட்டர் பக்கம் குந்தி உட்காருவது நம் ஊர் வழக்கம். நானும் பல வருடம் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஒரு சிலிண்டரைப் பறிகொடுத்த பிறகுதான் எழுந்தேன். கார்புரேட்டர் பல நேரங்களில் குற்றவாளியே அல்ல. அடுத்த வீட்டுப் பையன் செய்த தப்புக்கு அடி வாங்கும் அப்பாவி அது.

இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ மனத்தில் வைத்து. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த வண்டி. 98 சிசி, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ்க் கதவு), மிக்குனி விஎம்20 கார்புரேட்டர், ஆயிலைத் தனியாகச் செலுத்தும் ஆட்டோலூப் பம்ப். சுசுகி சாமுராய், மேக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரில் ஆயில் பம்ப் கிடையாது, 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆகவே பம்ப் பற்றிய பகுதிகளை அவர்கள் தாண்டிவிடலாம்.

தொடங்கும் முன் ஒரே ஒரு வேலை. கார்புரேட்டரில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி, பழையபடி அதே அளவு வெளியே எடுத்து வையுங்கள். எண்ணிக்கையைச் சுவரிலாவது எழுதிவையுங்கள். ஐடிலை, அதாவது ஆக்சிலரேட்டரை விட்டபோதுள்ள ரேஸை, கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்குரூவுக்கும் அப்படியே. இனி கோளாறு தெரியும்வரை இரண்டையும் தொடக்கூடாது. இருக்கிற கோளாறோடு நீங்கள் உண்டாக்கிய கோளாறும் சேர்ந்துகொண்டால் எது எது என்று பிரிக்கவே முடியாது.

கையை விட்ட பிறகும் ரேஸ் இறங்கவில்லை

சிக்னலில் நிற்கிறீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டீர்கள். வண்டி மட்டும் 'ரீங்' என்று பாடிக்கொண்டே இருக்கிறது. அல்லது சில நொடி பாடிவிட்டு மனமில்லாமல் இறங்குகிறது. எல்லாக் கோளாறுகளிலும் உடனே கவனிக்க வேண்டியது இதுதான். மற்றவை வண்டியை நிறுத்தும். இது பிஸ்டனைத் தின்னும்.

அடுத்த முறை அப்படிப் பாடும்போது ஆக்சிலரேட்டரைக் கையால் பிடித்து மூடும் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் ரேஸ் சட்டென்று விழுந்தால் கோளாறு கேபிளிலோ, கைப்பிடியிலோ, ஸ்லைடிலோ (கார்புரேட்டருக்குள் கேபிள் இழுக்க ஏறி இறங்கும் மூடி) இருக்கிறது. நல்ல செய்தி. தள்ளியும் இறங்கவில்லை என்றால் எங்கிருந்தோ காற்று புகுகிறது. கெட்ட செய்தி.

நல்ல செய்தியை முதலில் முடித்துவிடுவோம். வண்டியை ஐடிலில் விட்டு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். திருப்பும்போது ரேஸ் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. டேங்குக்கு அடியில் போகும் வழியைச் சரிசெய்தால் போதும். புதிதாகப் போட்ட கைப்பிடி ரப்பர் ஓரத்தில் உரசினாலும் இதே சங்கடம் வரும். ஆர்எக்ஸ் 100-இல் கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று ஆயில் பம்புக்கும் போகிறது. பம்புக்குப் போகும் கிளை துருப்பிடித்து இறுகினால், கார்புரேட்டர் சுத்தமாக இருந்தும் ஸ்லைடு முழுமையாக இறங்காது. இதைத் தேடாமல் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவியவர்களை எனக்குத் தெரியும்.

கார்புரேட்டரைக் கழுவி மாட்டிய பிறகு முதல் கிக்கிலேயே வண்டி அலறினால், ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். ஸ்லைடின் அடியில் ஒரு பக்கம் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும், இன்ஜினைப் பார்த்து அல்ல. கவலைப்படாதீர்கள், எல்லோரும் ஒரு முறை செய்வதுதான்.

இனி கெட்ட செய்தி. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். பிஸ்டன் மேலே போகும்போது அது உறிஞ்சுகிறது. உறிஞ்சும் காற்று முழுவதும் கார்புரேட்டர் வழியாகத்தான் வர வேண்டும், பெட்ரோலையும் கூட்டிக்கொண்டு. வேறு ஏதாவது இடுக்கு கிடைத்தால் அங்கிருந்தும் உறிஞ்சும். அந்தக் காற்றோடு பெட்ரோல் வராது. கலவையில் பெட்ரோல் குறைகிறது. மெக்கானிக்குகள் 'லீன்' என்பது இதைத்தான். காற்று கூடுவதால், நீங்கள் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து வைத்ததுபோல ரேஸ் ஏறுகிறது. பெட்ரோல் குறைவதால் சிலிண்டர் கொதிக்கிறது. எக்ஸ்எல் மாதிரி கலந்து ஊற்றும் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் குறைகிறது. ஆட்டோலூப் வண்டியும் இதிலிருந்து தப்பாது: அந்தப் பம்ப் இன்ஜின் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் திறப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆயில் விடும், ஆக்சிலரேட்டர் மூடியிருக்க இன்ஜின் மட்டும் சுற்றினால், சுற்றுகிற சுற்றுக்கு ஆயில் போதாது. (கொடைக்கானல், கொல்லிமலை இறக்கங்களில் ஆக்சிலரேட்டரை மூடியபடியே இறங்காமல் நடுநடுவே லேசாகத் திறந்து மூடச் சொல்வதும் இதனால்தான்.)

என் வண்டியில் இது மாதக்கணக்கில் வளர்ந்தது. இருபது கிலோமீட்டர் ஓடியதும் ஐடில் ஏறும். நான் ஐடில் ஸ்குரூவைக் கால் சுற்று இறக்குவேன். அடுத்த வாரம் இன்னொரு கால் சுற்று. ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகு) மாற்றினால் சரியாகிவிடும் என்றார் ஒரு மெக்கானிக். மாற்றினோம், பதினைந்து நாள் சரியாகவே இருந்தது. கடைசியில் ஐடில் ஸ்குரூ கழன்று விழும் அளவுக்கு வெளியே வந்துவிட்டது. ரேஸ் அப்போதும் இறங்கவில்லை. ஸ்லைடு முழுதாக மூடியிருக்கும்போது இன்ஜின் எதைக் குடித்து ஓடுகிறது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் ஒரு மதியம் பின்சக்கரம் 'கிரீச்' என்று இறுகியது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் இன்று இதை எழுதுகிறேன். பிரித்துப் பார்த்தால் மேக்னெட் (மின்சாரம் எடுக்கும் சக்கரம்) பக்கத்து ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) உதடு கல்லாக இறுகி, விரல் நகத்தால் தள்ளினாலே உடைந்தது. சீலின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. பிஸ்டன், ரிங், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் 0.50 போர் எல்லாம் சேர்ந்து ஆனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே ஐடில் ஸ்குரூவை இறக்க இறக்க ரேஸ் மட்டும் ஏறிக்கொண்டே போனால், திருகுவதை நிறுத்திவிட்டுக் காற்று புகும் இடத்தைத் தேடுங்கள். தேடும் வரிசை இது.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள மேனிஃபோல்டு, அதன் கேஸ்கெட், அதற்குள் உள்ள ரீட் வால்வின் கேஸ்கெட். கொஞ்சம் சோப்பு நீரை ஒரு தூரிகையில் தொட்டு, ஐடிலில் ஓடும்போது இணைப்புகளைச் சுற்றிப் பூசுங்கள். ஓட்டை இருந்தால் நீர் உள்ளே இழுபடுவது தெரியும், ரேஸ் ஒரு கணம் தடுமாறும். பெட்ரோலைப் பீச்சிப் பார்க்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. சூடான சைலன்சரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பெட்ரோலைப் பீச்சுவது எனக்குச் சம்மதமில்லை.

பழைய ரப்பர்களை இப்போது கூடுதலாகச் சந்தேகப்படலாம். பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். போதாததற்கு, ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது பழைய ஜெட்டிலேயே கலவை சற்று லீனாகிவிடுகிறது. சிறிய ஓட்டை முன்பு பொறுத்துக்கொள்ளப்பட்டது, இப்போது காட்டிக்கொடுக்கிறது.

அடுத்தது, பலர் யோசிக்காத இடம். ஆயில் பம்பை நம்பாமல் அதைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் 2டி கலந்து ஓட்டுகிறவர்கள் நிறைய. லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு 1; அதில் குற்றமில்லை. ஆனால் பம்பிலிருந்து ஆயில் வந்து சேர்ந்த துளையை ஒழுங்காக அடைத்தீர்களா? அடைக்காத துளை காற்று குடிக்கும் ஸ்ட்ரா. ஒரு நாடாவைச் சுற்றி வைத்தால் சூட்டில் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

சிலிண்டர் கிராங்க் கேஸில் உட்காரும் இடத்தில் புழுதி ஒட்டிய ஈரக் கோடு தெரிந்தால் பேஸ் கேஸ்கெட். கடைசியாகக் கிராங்கின் இரண்டு சீல்கள். மேக்னெட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அந்தப் பக்கத்துச் சீல் போய்விட்டது. மேக்னெட்டைப் புல்லர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்கிறேன் என்று கிளம்புகிறவரிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிளட்ச் பக்கத்துச் சீலின் குணம் வேறு. அந்தப் பக்கம் கியர் ஆயில் இருப்பதால் காற்றுக்குப் பதில் ஆயிலை உறிஞ்சும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, புகையின் வாடை 2டி வாடையாக இருக்காது, கியர் ஆயில் அளவு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல் குறையும். பிளக் அடிக்கடி நனையும். இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று இறுகிய வயதில் மற்றொன்று இளமையாக இருக்காது. பொறுமையான கடைகளில் உள்ளேயும் வெளியேயும் அடைத்து, சைக்கிள் பம்பால் சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

வண்டி கட்டுப்பாடில்லாமல் அலறுகிறது, சாவியை அணைத்தும் நிற்கவில்லை

கொதித்துப்போன இன்ஜினில் கரித்துண்டு கனன்று, பிளக்கின் உதவி இல்லாமலே எரியும். யோசிக்க நேரமில்லை. சோக்கை முழுவதும் இழுங்கள், பெட்ரோல் மிகுந்து மூச்சடைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் டாப் கியரில் போட்டு, இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து, கிளட்சை விடுங்கள். கை சூடான இன்ஜின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குழாயை மூடினாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடும், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். நின்ற பிறகு மறுபடி கிக் செய்யாமல் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

ரேஸ் பாதி வரை வருகிறது, அதற்கு மேல் ஏறவில்லை

ஆர்எக்ஸ் 100 தன் முழு பலத்தைக் காட்டுவது 7,500 சுற்றுக்கு அருகில். பாதியில் சுவரில் முட்டியதுபோல நின்றால் அந்த வண்டியில் ரசிக்க எதுவும் மிஞ்சாது. முட்டும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். 'டர்ர்ர்ர்' என்று ஒன்றுவிட்டு ஒன்று எரிவதுபோல இழுத்தால் பெட்ரோல் மிகுதி, அதாவது ரிச். 'ம்ம்ம்' என்று மூச்சு வாங்கி அமுங்கினால் லீன். காதை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை: முட்டி நிற்கும் நிலையில் ஓடிக்கொண்டே சோக்கைப் பாதி இழுங்கள். தெளிந்தால் லீன். மேலும் மோசமானால் ரிச். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மூடியதும் வண்டி முன்னைவிட வேகமெடுத்தாலும் லீன்தான், மெயின் ஜெட் அடைத்திருக்கிறது.

எந்தத் திறப்பில் முட்டுகிறது என்பதும் முக்கியம். கைப்பிடியில் ஒரு துண்டு நாடா ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுத்திறப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். கால் பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்குரூவும் ஸ்லைடின் வெட்டும் ஆளும். கால் முதல் முக்கால் வரை, ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். முழுத்திறப்பில் முட்டும் வண்டிக்கு ஏர் ஸ்குரூவைத் திருகுவது, கால் வலிக்குத் தலையில் தைலம் தேய்ப்பது.

லீன் என்றால்: டேங்க் மூடியின் காற்றுத்துளை, பெட்ரோல் குழாயின் வடிகட்டி, மெயின் ஜெட் என்ற வரிசையில் போங்கள். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டால் பெட்ரோல் தடையின்றி ஓட வேண்டும், சொட்டினால் போதாது. ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், அந்தத் துளையின் அளவுதான் ஜெட்டின் உயிர்.

ரிச் என்றால்: அழுக்கேறிய ஏர் ஃபில்டர், முழுமையாக மூடாத சோக், உயரம் தவறிய மிதவை. ஃபில்டர் பெட்ரோலில் நனைந்திருந்தால் ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இதழ்களின் ஓரத்தில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தாலோ, முனை உடைந்திருந்தாலோ, உள்ளே போன கலவை திரும்பிக் கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது. உடைந்த துண்டு எங்கே போனது என்று தெரியாமல் வண்டியைக் கிளப்பக்கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முட்டுகிறது என்றால் சைலன்சரைப் பாருங்கள். சொல்லப்போனால், பத்து வருடம் ஒரே சைலன்சரோடு ஓடிய வண்டி என்றால் நான் முதலிலேயே அங்குதான் போவேன். எரிந்த ஆயிலின் கரி உள்ளேயுள்ள குழாயில் படிந்து, மூச்சு விடும் வழியைச் சுருக்கிவிடும். மூச்சை விட முடியாதவன் எப்படி இழுப்பான்? சத்தத்தில் வித்தியாசம் மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, கொஞ்ச நாள் கழித்து ஓட்டும் நண்பர் "என்ன, வண்டி கம்மிப்போய்விட்டது?" என்று கேட்பார். சைலன்சரின் பின்முனை போல்ட்டைக் கழற்றி உள்குழாயை இழுத்து எடுங்கள். வர மறுத்தால் அதுவே பதில். வெட்டவெளியில் வைத்து எரித்து, ஆறிய பிறகு கம்பித் தூரிகையால் தேயுங்கள். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயிலிலும் கரி இருக்கும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து மரக்குச்சியால் சுரண்டலாம், இரும்பு வேண்டாம்.

சத்தத்துக்காக அந்த உள்குழாயையே எடுத்துவிட்டு ஓட்டும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தெருவே திரும்பிப் பார்க்கும், சரி. ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கும் தகரம் அல்ல. வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை அதில் எழும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதன் அமைப்பைக் கெடுத்தால் கலவைக் கணக்கும் கெடும். பிறகு ரேஸ் சரியில்லை என்று கார்புரேட்டரைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

உச்சத்தில் மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறது

இங்கே மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள வண்டியில் கண்டன்சர் பலவீனமானால் பாயிண்ட்டுகள் கருகும், ஐடில் நன்றாக இருக்கும், உச்சத்தில் இருமும். உப்புத்தாளில் தேய்ப்பது ஒரு வாரத்துக்கான மருந்து, கண்டன்சரை மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7. பொறி நீலமாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறி அழுத்தத்தில் அணைந்துவிடும். பிளக் மூடியை வேறொரு வண்டியிலிருந்து வாங்கி மாட்டிப் பாருங்கள், காசில்லாத சோதனை. சிடிஐ (பாயிண்ட்டுக்குப் பதிலான மின்னணுப் பெட்டி) மாற்றிய வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு பெட்டியில் இல்லை, அதற்குப் போகும் கனெக்டரில் துரு.

சூடானதும் மட்டும் வரும் கோளாறு

சில கிலோமீட்டர் நன்றாக ஓடி, ரேஸ் இறங்கி, நின்றுவிடுகிறதா? நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி கிளம்பினால் மூடியின் துளை அடைப்பு. ஊசியால் முடியும் வேலை. மூடி குற்றமற்றது என்றால் உடனே பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லாமல், அரை மணி ஆறியதும் வந்தால் காயில். பொறியும் இருந்து, கிக்கர் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் கனமாக இருந்தால் பிஸ்டன் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அப்போது ஆட்டோலூப் வண்டிக்காரர்கள் ஆயில் குழாயைப் பார்க்க வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் பம்பின் ஸ்குரூவைத் தளர்த்திக் குமிழி போகும்வரை ஆயிலை வழியவிட்டு இறுக்குங்கள். காலையில் முதல் கிக்கில் புகையே வராத வண்டியைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள், ஆயில் வரவில்லை.

ஐடில் நிற்கவில்லை

ஸ்லோ ஜெட். இரண்டு மாதம் நிறுத்தி வைத்த வண்டி என்றால் வேறெதுவும் தேட வேண்டாம், கழற்றி ஊதுங்கள். அதன் பிறகுதான் ஏர் ஸ்குரூ: உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். ஒன்றரைச் சுற்றில் தொடங்கி, இன்ஜின் நன்கு சூடான பிறகு, ரேஸ் அதிகமாக நிற்கும் இடத்தில் விட்டு, ஐடில் ஸ்குரூவால் இறக்குங்கள்.

ரேஸ் ஏறுகிறது, வண்டி ஓடவில்லை

இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. கிளட்ச் வழுக்குகிறது. லீவரில் கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். டாப் கியரில் 40-இல் போகும்போது சட்டென்று முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறினால் பிளேட் தேய்ந்திருக்கிறது. கார் இன்ஜின் ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றிய வண்டிக்கும் இதே நிலை வரும்.

சரிசெய்த பிறகு

புது பிளக் ஒன்றைப் போட்டு, வெறிச்சோடிய நேரான சாலையில், மூன்றாவது கியரில் முழுத்திறப்பில் சில நொடி ஓட்டுங்கள். திறப்பை மூடாமலே சாவியை அணைத்துக் கிளட்சைப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிக்கொட்டை நிறம் என்றால் வீட்டுக்குப் போகலாம். கறுப்பும் ஈரமும் என்றால் ரிச், அவசரமில்லை, நாளை பார்த்துக்கொள்ளலாம். வெளுத்திருந்தால் அங்கிருந்து மெதுவாக, பாதித் திறப்புக்குள் ஓட்டி வந்து, சோப்பு நீரை மறுபடி கரையுங்கள்.